காசியில் பல்லி கத்தாதா? கெவுளிச் சத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசிக்குப் போய் வருகிறவர்கள் கங்கைச் செம்போடு ஒரு செய்தியும் கொண்டுவருவார்கள். "அங்கே பல்லி கத்தாது, கருடன் பறக்காது." சிறு வயதில் சித்தி வீட்டில் இதை நானும் வாய் பிளந்து கேட்டிருக்கிறேன். அதே வீட்டில்தான் என் சித்தியின் கல்யாணப் பேச்சு ஒன்று பாதியில் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலம் மாற்றும் நேரத்தில் தெற்குச் சுவரில் கெவுளி அடித்தது. ஒரு பெரியவர் முகம் சுளித்தார், "அப்புறம் சொல்லி அனுப்புகிறோம்" என்றார். சொல்லி அனுப்பவே இல்லை. சித்திக்கு அப்போது 22 வயது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் பல்லி அன்று யாரோடு பேசிக்கொண்டிருந்தது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது. கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

காசியில் பல்லி கத்தாது என்பதற்குச் சொல்லப்படும் கதை என்ன?

ராமேஸ்வரத்தில் சிவபூஜை செய்ய ராமர் லிங்கம் கேட்கிறார். அனுமன் காசிக்குப் பறக்கிறார். அங்கே எங்கு பார்த்தாலும் லிங்கம். எது சுயம்பு என்று தெரியாமல் திகைத்து நிற்கும்போது, ஒரு லிங்கத்துக்கு மேலே கருடன் வட்டமிடுகிறது. அதே இடத்தில் ஒரு பல்லி குரல் கொடுக்கிறது. குறிப்பைப் புரிந்துகொண்ட அனுமன் அதைப் பெயர்த்து எடுக்கிறார். காசியின் காவல் தெய்வமான காலபைரவருக்குக் கோபம் வருகிறது. தன்னைக் கேட்காமல் காட்டிக்கொடுத்த இரண்டுக்கும் சாபம் கொடுக்கிறார்: இனி இந்த ஊரில் கருடன் பறக்கக் கூடாது, பல்லி ஒலிக்கக் கூடாது.

சொல்கிறவரைப் பொறுத்துப் பட்டியல் நீளும். மாடு முட்டாது, பூ மணக்காது, பிணம் எரிந்தாலும் நாறாது என்றும் சேர்ப்பார்கள். கதையாக இது எனக்கு மிகவும் பிடிக்கும். தெற்கே இருக்கும் ராமேஸ்வரத்தையும் வடக்கே இருக்கும் காசியையும் ஒரு பல்லியின் குரலால் முடிச்சுப் போடுகிறதே!

சரி, உண்மையிலேயே அங்கே பல்லி கத்தாதா?

கத்தும். குரலுள்ள பல்லி ஓர் ஊர் எல்லைக்குள் வந்ததும் ஊமையாகிவிடாது. குரல் எழுப்பும் உறுப்பு அதன் உடம்பில் இருக்கிறது. இணையும் எதிரியும் காசியிலும் உண்டு.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதிப் பதில்தான். போய் வந்த இத்தனை பேர், "ஆமாம், நான் கேட்கவே இல்லை" என்று உறுதியாகச் சொல்கிறார்களே, அது ஏன்? அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்காமல் போனதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் குளிர் என்பது என் எண்ணம். பல்லிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது, சுற்றியுள்ள வெப்பத்தை நம்பித்தான் அது நடமாடுகிறது. காசியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். அந்த நாட்களில் வட இந்தியச் சமவெளிப் பல்லிகள் சுவர் வெடிப்பிலும் உத்தர இடுக்கிலும் ஒடுங்கிக் கிடக்கும். வெளியே வராத பல்லி கத்தாது. நம்மவர்கள் பெருங்கூட்டமாகக் காசிக்குப் போவது எப்போது? வெயில் தணிந்த பிறகு. தீபாவளியில் தொடங்கி தை அமாவாசை, சிவராத்திரி வரை. 2022இல் நடந்த முதல் காசி தமிழ்ச் சங்கமமும் நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ மார்கழியிலும் பல்லி சுவரில் ஓடும். அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு ஒரு பல்லிச் சத்தமும் இல்லாத இரவு அதிசயமாகத்தான் தோன்றும்.

இரண்டாவது, பல்லியே வேறு. நம் வீட்டுச் சுவர்களில் 'ச்சு ச்சு ச்சு' என்று கூப்பிடுவது பெரும்பாலும் ஆசிய வீட்டுப் பல்லி. வட இந்தியச் சமவெளி வீடுகளில் பரவலாக இருப்பது இன்னொரு இனம். உருவத்தில் கொஞ்சம் பெரியது, வயிற்றுப் பக்கம் மஞ்சள் ஓடியிருக்கும். 1930களில் ஆக்ராவில் பேனி சரண் மகேந்திரா என்ற விலங்கியலாளர் இதன் வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இனத்துக்கு இனம் குரல் மாறும். நம் ஊர்ச் சத்தத்தையே எதிர்பார்த்துக் காது கொடுத்தால் அங்குள்ளதைத் தவறவிட வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, காசியில் யாத்திரிகர் இருக்கும் இடமும் நேரமும். பகலெல்லாம் படித்துறை, மாலையில் ஆரத்தி மணி, விடியும் முன்பே தரிசன வரிசை. சத்திரத்துக்குத் திரும்பினால் அடித்துப் போட்ட தூக்கம். பல்லியின் குரலைக் கேட்க ஓர் அமைதியான அறையும் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரமும் வேண்டும்.

கருடன்?

நாம் கருடன் என்று கும்பிடும் செம்பருந்து நீர்நிலைகளை ஒட்டி வாழ்வது. கங்கைச் சமவெளியும் அதன் வாழிடத்துக்குள்தான் வருகிறது. ஆனால் இங்கே நான் எழுதுவது சத்தம் பற்றி. பறவையை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

பல்லி நாக்கைச் சொடுக்கித்தானே சத்தம் போடுகிறது?

கேட்பதற்கு அப்படித்தான் இருக்கும். நாமும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ச்சு' கொட்டினால் கிட்டத்தட்ட அதே சத்தம் வருகிறது. ஆனால் பல்லி நம்மைப் போலக் குரல்வளையால்தான் ஒலிக்கிறது. நுரையீரல் காற்று வெளியே வரும்போது குரல்வளையில் உள்ள மடிப்புகள் அதிர்கின்றன.

ஊர்வனவற்றில் இது அபூர்வம். ஓணான், அரணை, உடும்பு எல்லாம் கிட்டத்தட்ட ஊமைகள், மிஞ்சினால் சீறும். பல்லிக் குடும்பத்துக்கு மட்டும் இப்படிக் குரல் வளர்ந்ததற்கு இரவு வாழ்க்கை முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. ஓணான் பகலில் தலையை ஆட்டியும் கழுத்தைச் சிவக்க வைத்தும் சேதி சொல்லிவிடும். இருட்டில் அதை யார் பார்ப்பது? தென்னாப்பிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்தில் ஒரு வகைப் பல்லி உண்டு. பொழுது சாயும் நேரத்தில் ஆண்கள் எல்லாம் வளை வாசலில் இருந்து ஒரே சமயத்தில் குரல் கொடுக்கும்.

அப்படியானால் அது எதற்காகத்தான் கத்துகிறது?

1970களில் டேல் மார்செல்லினி என்ற அமெரிக்க ஆய்வாளர் நம் வீட்டுப் பல்லியின் குரலையே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். 1974இல் வெளிவந்த அவருடைய கட்டுரை மூன்று வகைச் சத்தங்களைப் பிரித்துக் காட்டுகிறது.

நாம் 'கெவுளி அடிக்கிறது' என்று சொல்வது முதல் வகை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல 'ச்சு'க்கள். இதைப் பெரும்பாலும் ஆண் பல்லிதான் எழுப்புகிறது. "இந்த இடம் என்னுடையது, நான் இங்கே இருக்கிறேன்" என்பதுதான் செய்தி. அதே குரல் மற்ற ஆண்களுக்கு எச்சரிக்கை, பெண்ணுக்கு அழைப்பு. இரண்டாவது, ஒற்றைச் சத்தம். பூனையின் வாயிலோ நம் துடைப்பத்துக்கு அடியிலோ மாட்டிக்கொண்டால் வருவது. அது வலியும் பயமும். மூன்றாவது, இரண்டு ஆண்கள் நேருக்கு நேர் மோதும்போது வரும் கரகரப்பு. சண்டையின் நடுவே வருவதால் நாம் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை.

சித்தி வீட்டுத் தெற்குச் சுவரில் அன்று கேட்டது முதல் வகை. ஒரு பல்லி இன்னொரு பல்லிக்குச் சொன்ன செய்தி அது. நடுவில் ஒரு பெண்ணின் வாழ்க்கை வந்து மாட்டிக்கொண்டது.

நம் முன்னோர் முட்டாள்களா? சங்கப் பாட்டிலேயே பல்லிச் சகுனம் இருக்கிறதே?

முட்டாள்கள் இல்லை. சகுனம் இருப்பதும் உண்மை. அகநானூற்றின் 9ஆம் பாட்டில், பொருள் தேடிப் போன கணவன் திரும்பும் மாலையில் மனைவி வீட்டின் ஒரு பக்கம் நின்று, பல்லி ஒலிக்கும்போதெல்லாம் கைகூப்பி வேண்டுகிறாள். காத்திருப்பவளுக்கு எந்தச் சத்தமும் ஆறுதல்தானே.

இன்னும் சுவையான இரண்டு காட்சிகள் உண்டு, இரண்டிலும் காட்டுப்பன்றி. அகநானூறு 88இல் தினைப்புனத்துக்கு வரும் பன்றி பல்லியின் குரலைக் காதில் வாங்கி, சகுனம் சரி என்று உள்ளே நெருங்குகிறது. இதைப் பாடியவர் ஈழத்துப் பூதன்தேவனார். நற்றிணை 98இல் இன்னொரு பன்றி வேலி இடுக்கில் நுழையும் நேரத்தில் பக்கத்தில் பல்லி ஒலிக்கிறது. அது மெல்ல மெல்லப் பின்வாங்கித் தன் குகைக்கே போய்விடுகிறது. ஒரு பாட்டில் 'போ', இன்னொரு பாட்டில் 'போகாதே'. பல்லி சொன்னதன் பொருள் கேட்பவரைப் பொறுத்து மாறியது அப்போதே தெரிகிறது.

எனக்கு நெஞ்சோடு ஒட்டிய பாட்டு குறுந்தொகை 16. பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. கள்ளிக்காட்டு வழியே போன காதலனை நினைத்து வாடும் தலைவியிடம் தோழி பேசுகிறாள். அந்தக் காட்டில் 'செங்காற் பல்லி தன் துணை பயிரும்' என்கிறாள். சிவந்த கால் பல்லி தன் துணையைக் கூப்பிடும். வழிப்பறிக் கள்வர் அம்பின் முனையை நகத்தில் புரட்டிக் கூர் பார்க்கும்போது எழும் ஓசை போல அந்தக் குரல் இருக்கும் என்றும் சொல்கிறாள். விரல் நகத்தில் ஓர் இரும்பு முனையைத் தட்டிப் பாருங்கள், அந்தக் காது எவ்வளவு நுட்பமானது என்று புரியும். அதைவிட, பல்லி துணையைத்தான் கூப்பிடுகிறது என்பது அந்தக் கவிஞருக்குத் தெரிந்திருந்தது. மார்செல்லினி வந்து எழுதுவதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு! சகுனம் பார்த்ததும் நம் மரபு, காது கொடுத்துக் கேட்டதும் நம் மரபு. இரண்டாவதை நாம் விட்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

நான் முக்கியமாக ஏதாவது பேசும்போது சரியாகக் கத்துகிறதே, அது எப்படி?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கேட்பவர்கள் உண்மையில் அனுபவித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

உங்கள் வீட்டுக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். மாலை ஆறரைக்கு டியூப்லைட் போடுகிறீர்கள். வெளிச்சத்துக்குப் பூச்சி வருகிறது. பூச்சிக்குப் பல்லி வருகிறது. வீட்டிலேயே நல்ல வேட்டை நிலம் அந்த விளக்கடிதான், அதற்குத்தான் பல்லிகளுக்குள் போட்டி. அதனால் எல்லைக் குரலும் அங்கிருந்துதான் வரும். இப்போது நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? அதே விளக்குக்குக் கீழே. எப்போது? வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய அதே நேரத்தில். கல்யாணப் பேச்சு, கடன் பேச்சு, வீடு வாங்கும் பேச்சு எல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் நடக்கிறது. பல்லியின் வேலை நேரமும் நம் பேச்சு நேரமும் ஒன்றாக இருக்கும்போது, இரண்டும் அவ்வப்போது மோதாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அதோடு, மனசு எதைச் சேர்த்து வைக்கிறது என்பதும் இருக்கிறது. "இந்த இடம் முடிந்துவிடும்" என்று அப்பா சொன்ன நொடியில் பல்லி அடித்தால், "பாருங்க, கெவுளி சொல்லுது!" என்று பத்து வருஷம் கழித்தும் பேசுவோம். சீரியல் விளம்பரத்தின்போது அடித்ததை அன்றைக்கே மறந்துவிடுவோம். இட்லி மாவு கரைக்கும்போது, பல் தேய்க்கும்போது, யாரும் இல்லாத கூடத்தில் நள்ளிரவில் என்று அது கத்திய கணக்கு எங்குமே பதிவாவதில்லை.

பஞ்சாங்கத்தில் திசை, கிழமை எல்லாம் போட்டுப் பலன் இருக்கிறதே?

ஆமாம், கௌளி சாஸ்திரம் என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். கிழக்கில் ஒலித்தால் ஒன்று, தெற்கில் ஒலித்தால் ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று.

திசையைப் பற்றி மட்டும் ஒன்று யோசிக்கச் சொல்வேன். பல்லி விளக்கை ஒட்டியே இருக்கும் என்று மேலே பார்த்தோம். அப்படியானால் உங்கள் வீட்டில் பல்லி எந்தத் திசையில் அதிகம் ஒலிக்கும் என்பதை முடிவு செய்தது யார்? டியூப்லைட்டை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று முடிவு செய்த எலக்ட்ரீஷியன். சித்தி வீட்டில் விளக்கு தெற்குச் சுவரில் இருந்தது, ஜன்னல் அந்தப் பக்கம் இல்லாததால். பட்டியலில் தெற்குக்கு என்ன பலன் எழுதியிருந்தாலும் அந்த வீட்டுக்கு வருஷம் முழுவதும் அதுவே கிடைத்திருக்கும்.

நம் ஊரில் மட்டும்தான் இந்த நம்பிக்கையா?

பல்லி குரல் கொடுக்கும் இடமெல்லாம் உண்டு. வங்காளத்தில் பல்லிக்கு டிக்டிகி என்று பெயர். ஒருவர் ஏதாவது சொன்னதும் அது ஒலித்தால் 'டிக் டிக் டிக்', அதாவது 'சரி, சரி, சரி' என்று ஆமோதிப்பதாக எடுத்துக்கொள்வார்கள். அதற்கு ஒரு கதையும் வைத்திருக்கிறார்கள். கனா என்ற பெண் சோதிடத்தில் கெட்டிக்காரி. அவள் வாக்கு பலித்ததைப் பொறுக்காமல் அவள் நாக்கை அறுத்தார்களாம். கீழே விழுந்த நாக்கைப் பல்லி தின்றுவிட்டதாம். அன்று முதல் பல்லி உண்மையைத்தான் சொல்லும். நம் காசிக் கதையில் உண்மையைக் காட்டிய பல்லியின் குரல் பறிபோனது, அங்கே உண்மை சொன்ன பெண்ணின் குரல் பல்லிக்குப் போனது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சிங்கள மக்களிடமும் பல்லிப் பலன் பார்க்கும் வழக்கம் உண்டு. மலாய் மொழியில் வீட்டுப் பல்லியின் பெயரே 'சிச்சாக்', அதன் சத்தம்தான். ஆங்கிலத்தில் பல்லிக்கு வழங்கும் 'கெக்கோ' என்ற சொல்லும் மலாய்ப் பக்கத்திலிருந்து போன ஒலிக்குறிப்புப் பெயரே. தென்கிழக்கு ஆசியாவின் பெரிய டோக்கே பல்லி எத்தனை முறை கத்துகிறது என்று எண்ணிப் பலன் பார்ப்பவர்கள் அங்கே உண்டு.

இன்னொரு பக்கம், நம் வீட்டுப் பல்லி கப்பல் சரக்கோடு போய் உலகம் சுற்றியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் வீட்டுச் சுவரெல்லாம் இதுதான், அதே குரல். அங்குள்ளவர்களுக்கு அது வெறும் பல்லிச் சத்தம்.

நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

தாராளமாக. ஒரு நோட்டு எடுத்து ஒரு மாதம் எழுதுங்கள். ஒவ்வொரு முறை பல்லி கத்தும்போதும் நேரம், எந்தச் சுவர், அந்த நொடியில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது, இந்த மூன்றும் போதும். முக்கியமான விதி ஒன்று உண்டு: ஒன்றும் நடக்காத நேரத்துச் சத்தத்தையும் விடாமல் எழுத வேண்டும். பிள்ளைகளிடம் கொடுத்தால் நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள். விளக்கை எதிர்ச் சுவருக்கு மாற்றி இன்னொரு மாதம் எழுதினால் திசைக் கணக்கும் தெரிந்துவிடும்.

காசிக்குப் போகிறவர்கள் வெயில் காலத்து இரவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தங்கும் இடத்தில் சுவர் விளக்கு எரியும் தாழ்வாரத்தில் செல்போனை ரெக்கார்டில் போட்டு அரை மணி நேரம் பேசாமல் உட்காருங்கள்.

பாட்டி தரையைத் தட்டி "கிருஷ்ணா கிருஷ்ணா" என்கிறார். தடுக்க வேண்டுமா?

வேண்டாம். அவர் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. நானே இன்றும் சில சமயம் தட்டிவிடுகிறேன், ஆச்சியின் ஞாபகமாக. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு வருகிறவர்களின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அதை எடுத்துப் போட எனக்கு மனம் வராது. பல்லிச் சத்தத்தைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை வேண்டாம் என்பது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவரை உட்கார வைப்பது, படிக்கப் போகிற பிள்ளையின் மனசைக் கெடுப்பது, இங்கேதான் குறுக்கே நின்று பேச வேண்டும். அந்த இடத்தில் மரியாதைக்காக வாயை மூடிக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் அன்று ஒருவராவது பேசியிருக்கலாம்.

பல்லி விஷமா?

இல்லை. அதற்கு விஷப்பையும் கிடையாது, விஷப்பல்லும் கிடையாது. ஆனால் பல்லி விழுந்த சாப்பாட்டைக் கொட்டிவிடுவதே சரி. அதன் குடலிலும் எச்சத்திலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம்.

எல்லாம் சரி, ராத்திரி தூங்க விடாமல் கத்துகிறது. என்ன செய்வது?

மயிலிறகு, முட்டை ஓடு எல்லாம் மாட்டிப் பார்த்திருப்பீர்கள். அதற்கெல்லாம் பல்லி அசைவதில்லை. அந்துருண்டையைக் கட்டில் பக்கம் வைக்காதீர்கள், கைக்குழந்தை வாயில் போட்டால் ஆபத்து. படுக்கும் அறை விளக்கைச் சீக்கிரம் அணையுங்கள், வராந்தா விளக்கு எரியட்டும். பூச்சி அங்கே போகும், அதன் பின்னாலேயே பல்லியும் போகும். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தால் இன்னும் நல்லது. அதற்கு மேலும் ஒன்றிரண்டு 'ச்சு' கேட்டால் கொஞ்சம் பொறுத்திருந்து கேளுங்கள். சில இரவுகளில் எதிர்ச் சுவரிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும்.